கற்றவர் கடன்

புதுக்கோட்டைச் சீமையில் ஆவூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. கோயில் பார்க்க வருகிறவர்கள் நார்த்தாமலைக்கும் குடுமியான்மலைக்கும் போய்விடுகிறார்கள். ஓவியம் பார்க்க வருகிறவர்கள் சித்தன்னவாசலோடு திரும்பிவிடுகிறார்கள். ஆவூர்ப் பக்கம் திரும்புகிறவர்கள் அதிகம் இல்லை. மழையை நம்பிய நிலமும் கண்மாய்களுமாக இருக்கிற அந்தப் பகுதியில் பழமையான மாதா கோயில் ஒன்று நிற்கிறது. ஈஸ்டர் திருநாளில் அங்கே தேர் ஓடும். இத்தாலி தேசத்தில் காஸ்திலியோனே என்ற சிற்றூரில் 1680-ஆம் ஆண்டு பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்பவர் சமயப் பணி செய்த தலங்களில் இந்த ஆவூரும் ஒன்று. பெஸ்கி என்று சொன்னால் நம்மில் பலர் விழிப்போம். வீரமாமுனிவர் என்று சொன்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட, “ஓ, தேம்பாவணியா?” என்று கேட்டுவிடும்.

இந்த ஊரையும் இந்த மனிதரையும் பற்றி நான் சில நாட்களாக எண்ணிக்கொண்டிருப்பதற்குக் காரணம், நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி. அவர் புதுக்கோட்டையில் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். இன்னும் மூன்று ஆண்டுகளில் ஓய்வு பெறப் போகிறார். அவருக்கு ஒரு மகள். அவளுக்கு இளையவனாக ஒரு மகன். மகள் ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. முடித்திருக்கிறாள். படிக்கிற காலத்திலேயே ஸ்பானிய மொழியில் பிடிப்பு ஏற்பட்டு, தனியாகப் படித்துப் பரீட்சைகளும் எழுதியிருக்கிறாள். இப்போது டில்லிக்குப் போய் அந்த மொழியிலும் இலக்கியத்திலும் எம்.ஏ. படிக்க வேண்டும், கூடவே இத்தாலிய மொழியையும் கற்க வேண்டும் என்கிறாள். இத்தகைய படிப்புக்கு நம் நாட்டிலே இடம் உண்டு. டில்லி ஜவாஹர்லால் நேரு சர்வகலாசாலையில் ஸ்பானியம், போர்த்துகீசியம், இத்தாலியம் ஆகியவற்றுக்கென்று ஒரு மையம் இருக்கிறது. டில்லி சர்வகலாசாலையிலும், ஹைதராபாத்தில் ஆங்கிலத்துக்கும் அயல்மொழிகளுக்கும் என்றே ஏற்பட்ட சர்வகலாசாலையிலும் கற்பிக்கிறார்கள்.

நண்பர் சொன்னார்: “டாக்டருக்குப் படிக்கிறேன் என்றால் எனக்குப் புரியும், சார். கம்ப்யூட்டர் என்றால் புரியும். இதைப் படித்துவிட்டு வந்து இந்தப் புதுக்கோட்டையில் யாரோடு பேசப் போகிறாள்? பெண் பிள்ளை தூர தேசம் போகிறாளே என்ற கவலை எனக்கு இல்லை. காலேஜ் சம்பளமும் பெரிதில்லை என்கிறார்கள். ஆனால் டில்லியில் இருந்து சாப்பிட வேண்டுமே! இவளுக்கு நான் செலவழிப்பது அவனுக்கு இல்லாமல் போகும். அது நியாயமா? அதைத்தான் கேட்கிறேன்.”

இந்தக் கேள்வியைக் கேட்டவுடன், “அறியாமையால் கேட்கிறார்” என்று புன்னகை செய்துவிட்டுப் போவது இலக்கியக்காரர்களின் வழக்கம். நான் அப்படிச் செய்யத் தயாரில்லை. பிறர் உழைப்பைச் செலவிட்டு ஒருவர் கற்கும்போது, அந்தக் கல்வியால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பது அறியாமை அல்ல. அது அறத்தைப் பற்றிய கேள்வி. அதற்கு அறத்தின் தளத்திலேயே பதில் சொல்ல வேண்டும்.

சுலபமான பதில்கள் இரண்டு உண்டு. “உத்தியோகம் கிடைக்கும்” என்பது முதல் பதில். அது பொய்யல்ல. ஸ்பானியம் இருபது தேசங்களில் ஆட்சிமொழி; அதைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் ஏறத்தாழ ஐம்பது கோடிப் பேர். அந்தத் தேசங்களோடு வியாபாரம் செய்கிற கம்பெனிகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கின்றன. மொழி தெரிந்தவர்கள் அவர்களுக்கு வேண்டும். ஆனால் விலைப்பட்டியலையும் ஒப்பந்தப் பத்திரத்தையும் மொழிபெயர்ப்பதற்கு மொழி தெரிந்தால் போதும். தாந்தேயும் செர்வாந்தேஸும் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பெண் கேட்பதோ இலக்கியம். ஆகவே இந்தப் பதில் கேள்வியின் ஓரத்தைத் தொட்டுவிட்டு நழுவிப் போகிறது.

இரண்டாவது பதில், “அறிவு அறிவுக்காகவே, கலை கலைக்காகவே, பயன் கேட்பது பாமரத்தனம்” என்பது. கேட்பதற்கு இது கம்பீரமாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்ல உரிமை உள்ளவர், தம் சொந்தச் சோற்றைத் தின்று படிக்கிறவர் மட்டுமே. நம் சர்வகலாசாலைகளில் சம்பளம் குறைவாக இருப்பது எதனால்? மீதியை ஜனங்கள் கட்டுவதால். ஆவூர்ப் பக்கத்தில் கடலைக் கொல்லையில் களை எடுக்கும் கிழவி, சந்தையில் ஒரு சோப்புக் கட்டி வாங்கும்போது அதற்குள் அவள் செலுத்தும் வரியும் இருக்கிறது. தாந்தே யார் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் தாந்தேயைப் படிக்கிறவர்களுக்கு அவளும் சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள். “உனக்கு இதில் என்ன?” என்று அவளைப் பார்த்துச் சொல்ல எந்தப் படிப்பாளிக்கு வாய் வரும்?

அப்படியானால் பதில் எங்கே இருக்கிறது? அதைத் தேடும்போதுதான் எனக்கு ஆவூர் நினைவுக்கு வந்தது. நண்பரின் மகள் போக விரும்பும் பாதையிலே, எதிர்த் திசையிலிருந்து, முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் நடந்து வந்துவிட்டார் அல்லவா?

பெஸ்கி தமிழ்நாட்டுக்கு வந்தபோது அவருக்கு முப்பது வயது. மீசை முளைக்கும் முன்பே மொழி கற்கத் தொடங்கியவர் அல்லர். 1711-ஆம் ஆண்டுவாக்கில் மதுரை மிஷனுக்கு வந்தவர், எழுத்துக் கூட்டுவதிலிருந்து தொடங்கியிருக்கிறார். சுப்பிரதீபக் கவிராயரிடம் பாடம் கேட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. போதிக்க வந்தவர் மாணாக்கராக உட்கார்ந்தார்! 1726-இல் 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியைப் பாடி முடித்தார். தொன்னூல் விளக்கம் என்று ஐந்திலக்கணமும் எழுதினார். 1732-இல் சதுரகராதியைத் தொகுத்தார். அதுவரை சொல்லுக்குப் பொருள் தெரிய வேண்டுமானால் நிகண்டுகளைச் செய்யுளாக மனப்பாடம் செய்திருக்க வேண்டும். எழுத்து வரிசையில் தேடி எடுக்கும் வசதியை அந்த நூல் தந்தது. பரமார்த்த குருவையும் அவருடைய சீடர்களையும் படைத்து நம்மைச் சிரிக்கவும் வைத்தார்.

இவற்றையெல்லாம்விடச் சிறியதாகத் தோன்றுகிற ஒரு காரியத்தைத்தான் நான் அதிகம் நினைத்துப் பார்க்கிறேன். முன்பு எகரக் குறிலையும் நெடிலையும், ஒகரக் குறிலையும் நெடிலையும் ஒரு புள்ளியை வைத்தே பிரித்தறிய வேண்டியிருந்தது. ஓலையில் எழுதுகிறவர்களோ புள்ளியை விட்டுவிடுவார்கள். ‘கொடு’ என்பதா, ‘கோடு’ என்பதா? ‘எது’ என்பதா, ‘ஏது’ என்பதா? இடம் பார்த்து ஊகிக்க வேண்டும். நெடிலுக்கு இன்று நாம் எழுதும் தனி வடிவத்தைக் கொடுத்தவர் பெஸ்கி. வாசகர்களே, நீங்கள் இந்தப் பக்கத்தில் இரட்டைச் சுழிக் கொம்பைக் காணும் ஒவ்வொரு முறையும், இத்தாலியிலிருந்து வந்த ஒரு மாணாக்கரின் கைவண்ணத்தைக் காண்கிறீர்கள். கூடவே வளர்ந்தவர்களுக்குப் பழகிப் போன இடர், வெளியிலிருந்து வந்து தடுக்கி விழுந்தவருக்குத்தான் தெரிந்திருக்கிறது.

இன்னொரு விந்தையும் உண்டு. தேம்பாவணியின் கதைத் தலைவர் சூசையப்பர், பாடியவர் இத்தாலியர். அந்தக் கதைக்குப் பெரிதும் ஆதாரமாக நின்ற நூலோ, ஸ்பெயினில் ஆக்ரெதா என்ற ஊரில் மடத்தில் வாழ்ந்த மரியா என்ற கன்னிகாஸ்திரீ ஸ்பானிய மொழியில் எழுதியது. அவர் 1665-இல் காலமானார். நூல் 1670-இல் வெளிவந்தது. கன்னி மாடத்துச் சுவர்களுக்குள் ஒரு பெண் எழுதிய புத்தகம், நாட்டுப் படலமும் நகரப் படலமும் பூண்டு, தமிழ் விருத்தத்தில் காப்பியமாக நிற்கிறது. யூதேயா நாட்டின் வயலிலே தமிழ் மருதம் மணக்கிறது. ஸ்பானியம், இத்தாலியம், தமிழ் என்ற மூன்று மொழிகளும் என்றோ இங்கே ஒரே ஏட்டில் கூடியிருந்துவிட்டன. “புதுக்கோட்டைக்கும் ஸ்பானியத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

“அவர் மதத்தைப் பரப்ப வந்தவர்தானே? மொழியின் மீது காதல் கொண்டா வந்தார்?” என்று ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அவர் மதப் பணிக்காகவே வந்தார். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் பிரசாரத்துக்கு வேண்டிய தமிழ் எவ்வளவு? நாலாயிரம் சொற்கள் போதாதா? வீட்டுக்கு வீடு பேசுகிறவருக்கு யாப்பிலக்கணம் எதற்கு? அகப்பொருள் எதற்கு? காரியத்துக்குத் தேவையான எல்லையைத் தாண்டி ஒருவர் எவ்வளவு தூரம் கற்கிறாரோ, அந்தத் தூரம்தான் அவருடைய அன்பின் அளவு என்று நான் நினைக்கிறேன். எந்த நோக்கத்தோடு வாசலில் நுழைந்தார் என்பது ஒன்று. உள்ளே போன பிறகு அந்த வீடு அவரை என்ன செய்தது என்பது வேறு.

நம் விஷயத்துக்கு முக்கியமான செய்தி இனிமேல்தான் வருகிறது. அவர் நம்மிடம் கற்றதை நமக்கு மட்டும் திருப்பித் தரவில்லை, தம்மவர்களுக்கும் கொண்டுபோனார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும், ஐரோப்பாவில் கற்றவர்கள் அனைவருக்கும் பொதுவாக இருந்த லத்தீன் மொழியில் பெயர்த்தார். இன்பத்துப்பாலை விட்டுவிட்டார்; துறவியின் பேனா அங்கே தயங்கியது போலும். அந்த மொழிபெயர்ப்பினால் அவருக்குக் கிடைத்த லாபம் என்ன? ஒன்றுமில்லை. அவர் 1747-இல் மறைந்தார். 1886-இல் ஜி. யு. போப் தம்முடைய ஆங்கிலத் திருக்குறளை வெளியிட்டபோது, அதனோடு பெஸ்கியின் லத்தீனையும் சேர்த்து அச்சிட்டார். போட்ட விதை, போட்டவர் போய் நூற்றைம்பது ஆண்டுகள் நெருங்கும்போதும் பயன் தந்துகொண்டிருந்தது. இந்தக் கணக்கை எந்தக் கூட்டுறவுச் சங்கத்துப் பேரேட்டில் எழுதுவது?

அவர்கள் பக்கத்திலிருந்து இப்படி ஒருவர் வந்தார். நம் பக்கத்திலிருந்து அங்கே போனவர்கள் எத்தனை பேர்? இத்தாலிய இலக்கியமும் ஸ்பானிய இலக்கியமும் நமக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியேதான் வந்திருக்கின்றன. அப்படிக் கொண்டுவந்து தந்தவர்களுக்கு நாம் கைகூப்ப வேண்டும். அவர்கள் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. ஆனாலும் நடுவில் ஒரு வீட்டில் தங்கி வரும் விருந்தாளி, அந்த வீட்டில் சில சாமான்களை விட்டுவிட்டுத்தான் வருகிறார்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ‘நீ’ என்பதற்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் உள்ள வித்தியாசத்தில் நம் வாழ்க்கை பாதி அடங்கியிருக்கிறது. கணவன், மனைவி, முதலாளி, வேலையாள், மாமன், மருமகன் எல்லோரும் அந்த ஒரு சொல்லில் தங்கள் இடத்தைச் சொல்லிவிடுகிறார்கள். கதை எழுதுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். இன்றைய ஆங்கிலத்தில் இந்த வித்தியாசம் கிடையாது, ஒரே சொல்தான். ஸ்பானியத்திலும் இத்தாலியத்திலும் உண்டு! டான் குவிக்ஸாட்டின் வேலையாள் சாஞ்சோ தன் எசமானை ‘தங்கள் கிருபை’ என்ற பொருளில் மரியாதையாக விளிக்கிறான். எசமான் அவனை ‘நீ’ என்கிறார். தாந்தே தம் காப்பியத்தில் நரகத்திலே நடந்து போகும்போது, தமக்கு ஒரு காலத்தில் வழிகாட்டிய புருனெத்தோ லத்தீனியை அங்கே காண்கிறார். நெருப்பு மழையில் வெந்து கருகிய முகம். பெரும்பாலோரை ‘நீ’ என்று அழைத்துக்கொண்டு வரும் தாந்தே, அந்த இடத்தில் ‘நீங்கள்’ என்கிறார். ஆசிரியர் நரகத்தில் கிடந்தாலும் ஆசிரியர்தான். மாணவன் பன்மையை விடவில்லை. இதைப் படிக்கத் தமிழனுக்கு உரை தேவையா? நம் வீட்டுத் திண்ணையில் நடப்பது போல நமக்குப் புரியும். ஆனால் ஆங்கிலத்தின் வழியே வரும்போது, தமிழில் பெயர்ப்பவர் ‘நீ’ போடுவதா, ‘நீங்கள்’ போடுவதா என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. மூலத்தில் இருப்பது, தமிழில் இருப்பது, நடுவில் மட்டும் காணாமற் போவது. நேரே கற்றவர் ஒருவர் இருந்தால் ஒரு சொல்லில் மீட்டுத் தந்துவிடுவார்.

செர்வாந்தேஸ் டான் குவிக்ஸாட்டின் முதல் பாகத்தை 1605-இல் வெளியிட்டார். உலக நாவலுக்கே தாய் என்று போற்றப்படுகிற அந்த நூல், தன்னை ஒரு மொழிபெயர்ப்பு என்று சொல்லிக்கொள்கிறது. கதை சொல்பவர் டொலேடோ கடைவீதியில் ஒரு அரபு ஏட்டுக் கட்டை வாங்குகிறாராம். அதைப் பெயர்த்துத் தர ஒருவனைப் பிடிக்கிறாராம். அவனுக்குக் கூலி என்ன தெரியுமா? உலர்ந்த திராட்சையும் கோதுமையும்! அந்த மொழிபெயர்ப்பாளனுக்குக் கதையில் பெயர்கூடக் கிடையாது. கற்பனைதான். இருந்தாலும் மொழிகளுக்கு நடுவே நிற்பவர்களுக்கு உலகம் கொடுக்கும் கூலியைப் பற்றி அந்த ஏழை நாவலாசிரியர் அன்றைக்கே நன்றாக அறிந்திருந்தார். நண்பரின் அச்சத்தில் உண்மை இருக்கிறது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் படிப்பில் பெரும் பணம் வராது.

இனி நண்பர் கேட்ட நியாயத்துக்கு வருகிறேன். “பயன் என்ன?” என்ற கேள்வி சரியானது. ஆனால் அதை இலக்கியம் படிக்கப் போகிற பெண்ணிடம் மட்டும் கேட்பது சரியல்ல. இஞ்சினீயரிங் படித்த பிள்ளை நல்ல சம்பளத்தில் அமர்ந்துவிட்டால், அவனுடைய கடன் தீர்ந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். யாருடைய கடன் தீர்ந்தது? சம்பளம் அவன் பைக்குத்தானே போகிறது! களை எடுக்கும் கிழவிக்கு அவன் என்ன கொடுத்தான் என்று நாம் கேட்பதே இல்லை. ‘எவ்வளவு வரும்?’ என்பதும் ‘யாருக்கு வரும்?’ என்பதும் வேறு வேறு கேள்விகள். முதல் கேள்விக்குச் சொல்லும் பதிலை இரண்டாவதற்கும் பதிலாக எடுத்துக்கொள்வதுதான் நம்முடைய பழக்கம்.

இதே புதுக்கோட்டையில் ஒரு பெண் ஆண்கள் கல்லூரியில் சேர்ந்தபோது பெற்றோர் சிலர் எதிர்த்தார்கள். மன்னர் அனுமதித்தார். அந்தப் பெண் 1912-இல் டாக்டரானார். 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழும்பியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றித்தான் சொல்கிறேன். அவரைப் படிக்க வைத்தவர்கள் முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்கு ரசீது கேட்டிருந்தால், அந்தக் கல்வி நடந்தே இருக்காது.

“அவர் திருப்பிக் கொடுத்தார். என் மகள் கொடுக்காவிட்டால்?” என்று நண்பர் என்னைக் கேட்டார். கேள்வியின் முள் இங்கேதான் இருக்கிறது. கொடுக்காமலும் போகலாம். படித்துவிட்டு ஒரு கம்பெனியில் கடிதம் பெயர்த்துக்கொண்டு காலம் கழிக்கலாம். படிப்பைப் பாதியில் விடலாம். உத்தரவாதம் எதுவும் கிடையாது. கல்வியைக் கொடுப்பதில் ஒரு விசித்திரமான நியாயம் இருக்கிறது: கொடுத்தவர் கடன் என்று நினைக்கக் கூடாது, பெற்றவர் கொடை என்று நினைக்கக் கூடாது. கொடுத்தவர் பத்திரம் எழுதி வாங்கினால் கல்வி கூலி வேலையாகிவிடும். பெற்றவர், ‘எனக்கு வர வேண்டியது வந்தது’ என்று இருந்துவிட்டால் கல்வி களவாகிவிடும். தந்தை மறந்துவிட வேண்டும். மகள் மறக்கக் கூடாது. இரண்டு பேரும் மாற்றி நினைத்தால் அந்த வீட்டில் நிம்மதி இருக்காது.

ஆகவே, இரண்டு குழந்தைகளுக்கும் எவ்வளவு செலவிட முடியும் என்பதை மகளையும் மகனையும் உட்கார வைத்துக்கொண்டு, கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துப் பேசும்படி நண்பரிடம் சொன்னேன். தம்பியின் பங்கிலிருந்து ஒரு ரூபாய் போனாலும் அது அவனுக்குத் தெரிந்து, அவன் சம்மதித்துப் போக வேண்டும். பிறகு அவளை அனுப்புங்கள் என்றேன்.

அந்தப் பெண்ணிடம் சொன்னது வேறு. “ஸ்பானியத்தையும் இத்தாலியத்தையும் கற்பது உன் படிப்பில் பாதிதான், அம்மா. மற்ற பாதி தமிழ். அங்கே போய்ப் பெரிய கவிகளையெல்லாம் அறிந்துகொண்டு, அதைச் சொல்ல உன் தமிழ் துருப்பிடித்துப் போயிருந்தால், நீ தோண்டியில்லாமல் கிணற்றடிக்குப் போனவளாவாய். பெஸ்கி ஐம்பது வயதிலும் தமிழ் எழுதிக்கொண்டிருந்தார், லத்தீனையும் மறக்கவில்லை. இரண்டு கையிலும் பிடி இருந்ததால்தான் அவரால் இங்கேயிருந்து அங்கே ஒன்றைத் தூக்கிக் கொடுக்க முடிந்தது” என்றேன். அவள், “ஒரு புத்தகமாவது நேரே கொண்டுவருவேன், மாமா” என்றாள். நான் அதை வாக்குறுதியாக எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

தூரத்து மொழி ஒன்றைக் கற்பது ஆடம்பரமா, அறமா என்பது அந்த மொழியைப் பொறுத்ததல்ல. கற்றவர் எங்கே திரும்பி வந்து நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. உடம்போடு ஊர் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெஸ்கி இத்தாலிக்குத் திரும்பவே இல்லை. ஆனால் அவருடைய குறள் போயிற்று. கடலைக் கொல்லையில் நிற்கும் கிழவி ஒருநாளும் தாந்தேயைப் படிக்கப் போவதில்லை. அவளுடைய பேத்தி படிக்கலாம். நரகத்திலும் தன் ஆசிரியரை ‘நீங்கள்’ என்று அழைத்த ஒரு மாணவனைப் பற்றி அந்தப் பேத்தி நல்ல தமிழில் படித்து, ஒரு நிமிஷம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தன் ஆசிரியரை நினைத்துக்கொண்டால், கிழவி கட்டிய வரிக்குக் கணக்கு நேராகிவிட்டது என்றே நான் சொல்வேன்.